பேசாப் படத்தில் அம்மா

சேசு மரி சூசை துணை

கண்டி,
1935 ஆகஸ்ட், ஞாயிறு மாலை.

அன்புள்ள ஹென்றி அண்ணாவுக்கு,

கோலாலம்பூரில் நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று சர்வேசுரனை மன்றாடிக்கொண்டு தங்கை ரெஜினா எழுதுகிறேன். நேற்று நடந்ததை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் ஒளிக்காமல், கண்டபடியும் கேட்டபடியும் எழுதப்போகிறேன். நீங்கள் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை வாசிக்கவேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. ஊரில் காய்ச்சல் குறைந்துவிட்டது. கட்டுகாஸ்தோட்டைப் பக்கம் மட்டும் இன்னும் சிலர் படுத்திருக்கிறார்களாம். நம்முடைய சின்னத் தங்கச்சி பெற்றீசியாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பாதிரியார் 'பிள்ளைக்கு வாசல் திறந்தாயிற்று' என்று கேலி செய்ததில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாள். அப்பா வழமைபோல் ரயில்வே வேலைக்குப் போய் வருகிறார். மலாயாத் தபால் வரும் நாட்களில் தபாற்கந்தோருக்குத் தானே போய் விசாரிக்கிறார். வெறுங்கையோடு வந்து, வெளியே நல்ல மழை என்று மட்டும் சொல்வார்.

நீங்கள் அவருக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தை நானும் வாசித்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதெல்லாம் 'இங்கே எல்லோரும் சுகம்' என்று எழுதி உங்களை ஏமாற்றிவிட்டார், அடக்கம் முடிந்த பிறகுதான் உண்மையைச் சொன்னார், கப்பலேறி வந்து முகத்தையாவது பார்த்திருப்பீர்கள், இனி அவருக்கு ஒரு வரியும் எழுதமாட்டீர்கள் என்று அதில் இருந்தது. அப்பா அதற்கு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அதனால் எனக்கும் அவர்மேல் வருத்தமாகவே இருந்தது.

இனி நேற்றைய விஷயம். ஜனவரியில், அம்மாவின் வார்ட்டில் மலேரியாவைப் பற்றிச் சுகாதாரப் படம் ஒன்று எடுத்தார்கள். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தலையை வாரிக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். நான் பெற்றீசியாவைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். அப்பா கமராவின் அருகில் நின்றார். கொயினா மருந்தைத் திரும்பத் திரும்பக் குடிக்கவைக்க முடியாதென்று கோப்பையில் வெறும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அம்மா அதைக் குடித்துவிட்டு, கசப்பதுபோல் முகத்தைச் சுளித்ததில் கமராக்காரரே சிரித்துவிட்டார், அம்மாவும் சிரித்தார். நம்முடைய அம்மாவுக்கு நடிக்கத் தெரியும் என்று நமக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. பிறகு அம்மா அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

அந்தப் படம் நேற்றுக் கோயில் மண்டபத்துக்கு வந்தது. பேசாத படம். இடையிடையே இங்கிலீஷில் எழுத்து வரும். அதைத் தமிழில் சொல்லவேண்டிய வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டதால், பாதிரியார் என்னைக் கூப்பிட்டார். மறுக்க மனமில்லை. அம்மாவின் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. திரைக்குப் பக்கத்தில் நின்றால் நன்றாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்பா கடைசி வரிசையில் இருந்தார்.

பேராதனைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். காய்ச்சலைப் பரப்பும் நுளம்பைத் திரை நிறையப் பெரிதாகக் காட்டியபோது, எங்க கங்காணிய மாதிரியே இருக்கே என்று யாரோ சொல்ல, மண்டபம் முழுவதும் சிரித்தது. ஆஸ்பத்திரி வந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று, அந்தா, கட்டில் ஓரத்துல தெரியுது பாரு, அது என்னோட காலு என்று கத்தினாள். அவள் பெயர் வேலாயி. அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவள். கால் மட்டுந்தானா புடிச்சான், மூஞ்சி புடிக்கலையா என்று பக்கத்தில் இருந்தவர்கள் சீண்டினார்கள்.

அப்போது அம்மா வந்தார்.

அண்ணா, அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டு இருந்தார். காய்ச்சலில் மெலிந்த பிறகு சங்கிலி உறுத்துகிறது என்று கழற்றியிருந்தோம், அந்த இடத்தைத்தான். கோப்பையை வாங்கினார், குடித்தார், முகத்தைச் சுளித்தார். அம்மா சிரித்தது படத்தில் இல்லை, வெட்டிவிட்டார்கள். பிறகு ஒரு பக்கமாகத் திரும்பிப் பேசினார். உதடுகள் அசைந்தன. உடனே திரை கறுத்து எழுத்து வந்தது. நான் வாசித்தேன்: 'நான் பூரண குணமடைந்துவிட்டேன். நீங்களும் தயங்காமல் இந்த மருந்தைக் குடியுங்கள்.'

எழுதியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். படம் எடுத்த அன்று அம்மா குணமானவர் போலவே இருந்தார், காய்ச்சல் திரும்பி வந்தது பிறகுதான். ஆனால் அடக்கத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அதை உரத்து வாசித்தது நான்.

வேலாயிதான் பேசினாள். ஏ பாப்பா, அவங்க எங்க அப்படிச் சொன்னாங்க, நான் பக்கத்துலதானே கெடந்தேன் என்றாள். மலாயாவுல இருக்குற மகனுக்கு எழுதாதீங்க, வேலைய விட்டுட்டு ஓடியாந்துரும், சத்தியம் பண்ணுங்கன்னுதானே அந்த ஐயாகிட்ட சொன்னாங்க, அவரு தலையாட்டுற வரைக்கும் விடலையே என்றாள். சும்மா இரு, படத்தைப் பார்க்க விடு என்று யாரோ அதட்டினார்கள். படம் ஓடிக்கொண்டே இருந்தது. மீதியை எப்படி வாசித்தேன் என்று தெரியாது.

எல்லோரும் போன பிறகு, படம் ஓட்டும் தாஸிம் நானாவிடம் அந்த இடத்தை இன்னொரு முறை காட்டும்படி கேட்டேன். மெஷின் சூடா இருக்கு மகள், படம் நெருப்புப் புடிச்சா என்னையும் சேத்துத்தான் அள்ளணும் என்றார். அது எங்கள் அம்மா என்று சொன்னேன். அவர் மெஷினை ஆறவிட்டு, படச் சுருளைத் திரும்பச் சுற்றினார். வெற்று மண்டபத்தில் நானும் அப்பாவும் நின்று பார்த்தோம். வேலாயி சொன்னது அவளுடைய தோட்டத்துப் பேச்சு. அம்மா 'ஹென்றிக்கு எழுதாதேங்கோ' என்றுதான் சொல்லியிருப்பார். கடைசி 'கோ'வுக்கு உதடுகள் குவிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

அந்த எழுத்தை மட்டும் வெட்டிவிட முடியாதா என்று தாஸிம் நானாவிடம் கேட்டேன். வெட்டினால் தன் வேலை போய்விடும் என்றார். படம் நாளைக்குக் கம்பளைக்கும், பிறகு கொழும்புக்கும் போகிறது. அங்கே தகரப் பெட்டிகளில் போட்டு ஓர் அறையில் பூட்டி வைப்பார்களாம். இந்தக் காய்ச்சல் காலத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று பிற்காலத்தில் வருகிறவர்கள் பார்க்கலாமாம். அவர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். குணமாகிவிட்டார் என்று நம்புவார்கள். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுதத்தான் முடிந்தது.

வாவிக்கரையால் நடந்து வரும்போது, இதை ஏன் அண்ணாவுக்கு எழுதவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். செத்தவளின்ர தலையில நான் பழியைப் போடட்டோ பிள்ளை என்றார். கோபிக்கிறதெண்டா அவன் என்னைக் கோபிக்கட்டும், தாயை நினைச்சு அழேக்குள்ள அவனுக்கு மனசில ஒரு குறையும் இருக்கக் கூடாது என்றார். இதையும் உங்களுக்கு எழுத வேண்டாம் என்றார். நான் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணா, நீங்கள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டாம். அம்மாவின் பேச்சையே எடுக்கவேண்டாம். எந்த அறையில் இருக்கிறீர்கள், யார் சமைத்துத் தருகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். ஆனால் கடித உறையில் என் பெயர் வேண்டாம். அப்பாவின் பெயரை, பெரிய எழுத்தில், முழுதாக எழுதுங்கள். தபாற்கந்தோரில் அதை அவர் கையில் கொடுப்பார்கள்.

தேவமாதா உங்களைத் தம் மேலாடைக்குள் வைத்துக் காப்பாராக.

உங்கள் அன்புத் தங்கை,
ப. ரெஜினா

பி.கு.: யாருக்கு எழுதுகிறேன் என்று அப்பா கேட்டார், சொன்னேன். தடுக்கவில்லை. இப்போது முன்னறை விளக்குகளை அணைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்டார். கதிரையை விட்டு எழுந்த சத்தம் இன்னும் கேட்கவில்லை.