அப்பா நடக்காத தூரம்

என் வாலுக்குட்டிக்கு அம்மா எழுதுவது.

நீ போன இடத்தில் உடம்பும் மனசும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், என் தையல் மெஷின் சுகம், பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செடிகூட சுகம். உங்கப்பாவும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. பதறாதே, உட்கார்ந்து கடைசிவரை படி. பாதியிலேயே போனைத் தூக்கினாயோ எனக்குக் கெட்ட கோபம் வரும். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் இருப்பதே ஒரு போன், அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது, நான் உன்னோடு பேசினால் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். எதிர்வீட்டு அக்கா போனில் பேசலாம்தான், பாதி கேட்டதுமே நீ வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுவாய். தபாலில் போடலாம் என்றால், ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் அந்த ஆபீசில் எல்லோரும் அவருடைய ஆட்கள், உங்க வீட்டு அம்மா மகளுக்குக் கடிதம் போட்டிருக்காங்களே என்று யாராவது ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிடுவான். தபால்காரர் பெண்டாட்டி திருட்டுத்தனமாகக் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கிறது, என்ன சொல்ல. எதிர்வீட்டு அக்காவின் மகள் நாளைக்கு நீ இருக்கும் ஊருக்குக் கிளம்புகிறாள். சனிக்கிழமை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

கொலஸ்ட்ரால் கூடிப்போச்சு என்று போன வருஷம் டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். மாத்திரை போட்டதும் தொடையெல்லாம் வலிக்கிறது என்று இவர் புலம்ப, அந்தம்மா மாத்திரையின் அளவைக் குறைத்து, மீதியைச் சாப்பாட்டிலும் நடையிலும்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் தெரியும். அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாள், அதை நீ போனில் அரைகுறையாகத்தான் கேட்டாய். சர்க்கரையால் அவருக்குப் பாதத்தில் நரம்பு கெட்டுவிட்டது, வலி வந்தா பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க, வலி வரவே வராது, தினமும் பாதத்தைக் கண்ணால பாருங்க, ஷூவைத் தட்டிப் பார்த்துட்டுப் போடுங்க என்று படித்துப் படித்துச் சொன்னாள். நைலான் நூல் மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு தெரியுது தெரியுது என்று அடித்துவிட்டார், ஒரு தடவை அவள் தொடுவதற்கு முன்னாலேயே தெரியுது என்றார். எனக்கு மானம் போயிற்று. ஊர் முழுக்க நடந்த காலு, இதுக்குப் போய் நூல் பரிட்சையா என்று வரும் வழியெல்லாம் முணுமுணுப்பு வேறு.

ஆனாலும் மனுஷர் மனசு வைத்தார், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். முனை பேக்கரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பொரித்தது கிடையாது, வெண்ணெய் கிடையாது, கீரையும் பருப்பும் ஓட்ஸும்தான். மாட்டுக்கு வைக்கிற மாதிரி வைக்கிறியே என்று தினமும் ஒரு தடவை திட்டிவிட்டுத் தட்டைக் காலி பண்ணிவிடுவார். அப்புறம் நீ அந்த ஷூவையும் அடி எண்ணுகிற கடிகாரத்தையும் அனுப்பினாய். நீ நடப்பது அவர் போனில் தெரிகிறது, அவர் நடப்பது உன் போனில் தெரிகிறது, அப்பாவும் மகளும் போட்டி. உன்னை ஜெயித்த நாளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை கெட்டான். ரத்தப் பரிசோதனையிலும் கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. அந்த ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் காட்டினார். நானும் பூரித்துப்போய்த்தான் இருந்தேன்.

கோட்டு தைக்கக் கொடுத்திருந்த அந்தப் பாங்க்காரி ஒரு பொத்தான் குறைகிறது என்று என்னோடு மல்லுக்கு நின்றாள், போனில்கூடச் சொன்னேனே, நீ சிரித்தாயே. கட்டை மாதிரி தடித்த பொத்தான் அது. வெட்டு மேஜைக்கு அடியில், துணி மூட்டைக்குள், குப்பைக்கூடையில் என்று வீட்டையே தலைகீழாக்கினேன், கிடைக்கவில்லை. நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டே உங்கப்பா ஷூவை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை மாத்து, அப்பதான் கிடைக்கும் என்று கிண்டல் பண்ணிவிட்டு நடக்கப் போனார். ஷூவை அவர் வைப்பது அந்த மேஜைக்கு அடியில்தான். தட்டிப் பார்த்துப் போடுங்க என்று சொன்னவளை மதித்திருந்தால் அன்றைக்கே என் பொத்தான் கிடைத்திருக்கும். சில நாள் கழித்து அவருடைய காலுறையைத் துவைக்க எடுத்தேன், பெருவிரல் பக்கம் காய்ந்த கறை, லேசான நாற்றம். கேட்டால் பீட்ரூட் சிந்தியிருக்கும் என்கிறார். காலுறைக்கு யாரடி பீட்ரூட் ஊட்டுவார்கள்? அவரைப் பிடித்து உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினேன். பெருவிரலுக்குக் கீழே பொத்தான் அளவுக்கு வட்டமாகக் குழி, ஓரமெல்லாம் வெளுத்து நடுவில் சிவப்பு. ஷூவைக் கவிழ்த்தால் என் பொத்தான் விழுகிறது. அதன் மேல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், அவருக்குத் தெரியவேயில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் பண்ணி, மருந்து கொடுத்து, அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டாள். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து காலுக்குப் போகிற ரத்தக் குழாயை ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கின்றன, ரத்தம் நன்றாகப் போனால்தான் புண் ஆறும், அதனால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை ஒரு பிடி விடக் கூடாது, நடக்காட்டி என்ன, நாற்காலியில் உட்கார்ந்து கையை வீசுங்க, சின்ன எடை தூக்குங்க என்றாள். கொழுப்புக்கு நடக்க வேண்டும், நரம்புக்கு நடக்கக் கூடாது, நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். வெளியே வந்ததும் உங்கப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணுக்குச் சொல்லாத, போன தடவை எனக்காக ஓடி வந்துதான் அவ வேலை போச்சு, இப்பதான் புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு என்று கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை, சரி என்றுவிட்டேன். ஆனால் போட்டியை நிறுத்தினால் நீ சந்தேகப்படுவாயே. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடிகாரத்தைக் கழற்றி என் கணுக்காலில் கட்டினார். நான் மெஷினை மிதிக்க மிதிக்க அது அடி அடியாக எண்ணியது. கேட்டுக்கொள், இந்த மூன்று வாரமாக அப்பா சூப்பர், அப்பா கலக்கறீங்க என்று நீ அனுப்பியதெல்லாம் பள்ளிச் சீருடை தைத்த என் காலுக்குத்தான். முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாளைக்குப் பாருங்க, விடமாட்டேன் என்று நீ எழுதினாய், சொன்னபடி அதிகமாகவும் நடந்தாய். என் மெஷின் உன்னிடம் தோற்றது. உங்கப்பா போனை முறைத்து முறைத்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் தையேன் என்று என்னிடம் சொல்லியும் பார்த்தார், என்னிடம் துணி இருந்தால்தானே. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தைத்ததைக் கொடுக்கப் போன நான் அளவு நாடாவை மறந்துவிட்டதால் எடுக்கத் திரும்பி வந்தேன். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, நடைக்கூடத்தில் போய்வந்து கொண்டிருக்கிறார். தரையில் அவர் போன வழியெல்லாம் ஈரமாக இருந்தது. தண்ணி சிந்தியிருக்கு போல என்றார், அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை, கட்டு நனைந்து ரத்தம் வருகிறது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள். அவர் சின்னப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம்தான், அவளைத் தாண்டிடுவேன் என்கிறார்.

நேற்று டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அவரை விட்டுவிட்டு என்னிடம்தான் பேசினாள். புண் மறுபடி திறந்து ஆழமாகிவிட்டதாம், எலும்புக்குப் போயிருக்கிறதா என்று படம் எடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை வரைக்கும் காலைக் கீழே வைக்காமல் இருந்து, அன்றைக்குப் பார்க்கும்போது கொஞ்சமாவது ஆறியிருந்தால் விரல் தப்பும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியிருக்கும், விட்டால் விரலோடு நிற்காது என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறதடி. அவர் குளியலறைக்குப் போனால்கூட வாசலில் காவல் நிற்கிறேன். சக்கர நாற்காலியைப் பார்த்து இதுல உக்கார நான் என்ன கிழவனா என்கிறார். அறுபத்தெட்டு வயசில் பின்னே யாராம் கிழவன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். நான் சொல்லி அவர் கேட்கமாட்டார், டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. நீ அழுதால் எனக்கு ஒண்ணுமில்லை என்று காட்ட எழுந்து நடந்தே காட்டுவார், அதனால் அழாதே. ஜெயிக்க விட்டுக்கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவார், ரோஷம் வந்துவிடும். உன்னிடம் தோற்க அவருக்கு மனசு வராது, ஆனால் சமமாக இருந்தால் சும்மா இருப்பார், சின்ன வயசில் நீ அவரோடு கேரம் ஆடும்போது பார்த்திருக்கிறேனே. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மறுபடி என் காலில் கட்டியிருக்கும் இந்தக் கடிகாரத்தைக் கழற்றி மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவேன். உன் போனில் அப்பா பேருக்கு நேரே பூஜ்யம் என்று வரும். பயப்படாதே, அந்தப் பூஜ்யம்தான் நல்ல சேதி, அவர் கால் தரையில் படவில்லை என்று அர்த்தம். நீயும் உன் கடிகாரத்தைக் கழற்றி வை. அவர் போனிலும் உன் பேருக்கு நேரே பூஜ்யம் வரட்டும். ஏன்டி நடக்கல என்று போன் பண்ணுவார். நீங்க எழுந்து நடக்கிற வரைக்கும் நானும் நடக்கமாட்டேன் என்று மட்டும் சொல். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று தெரிந்துவிடும், தெரியட்டும், திட்டுகிற திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.

வா என்று சொல்ல வாய் வருகிறது, உன் வேலையை நினைத்து மூடிக்கொள்கிறேன். திங்கட்கிழமை டாக்டரம்மா என்ன சொன்னாலும் எதிர்வீட்டு அக்கா போனிலிருந்து அன்றைக்கே உனக்குப் பேசுவேன். எங்கள் கவலையில் நீ பட்டினி கிடக்காதே, கண்ட நேரத்தில் கண்டதை வாங்கித் தின்னாதே. இந்தக் கொழுப்பு குடும்பத்தில் ஓடுமாம், நீயும் ஒரு தடவை ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்துவிடு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. கை கால் சுகத்தோடு, நினைத்தது கைகூடி, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை, பூஜ்யம்.

இப்படிக்கு, இத்தனை நாளும் அப்பா பேரில் உன்னோடு போட்டி போட்டு நடந்த,
உன் அம்மா