அழித்தும் நீங்காத புள்ளி

என்னங்க,

என் வேலை அப்படியேதான் போகிறது. பழைய விமானங்களில் வழிகாட்டும் கம்ப்யூட்டருக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை புது வரைபடம் அனுப்புகிறேன். அதன் மெமரி ரொம்பச் சின்னது. வானத்தில் வழி குறிக்கும் புதுப் புள்ளிகளுக்கு இடம் வேண்டுமென்றால், அதிகம் பேர் போகாத பழைய புள்ளிகளை நான்தான் பார்த்து அழிக்கவேண்டும்.

இந்த முறை, கோட்டைப்பட்டினத்துக்குக் கிழக்கே கடலுக்கு மேல் இருக்கும் புள்ளியை அழித்தேன். உங்கள் படகு போன பக்கம்.

சரிபார்த்தால் திரும்ப வந்திருக்கிறது. மூன்று தடவை அழித்தேன், மூன்று தடவையும் வந்தது. உங்கள் பிடிவாதம்! இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேற்று ஒரு பைலட் போன் செய்தார்.

"மேடம், அந்தப் புள்ளியைத் தாண்டுறப்பெல்லாம் கீழே ஒரு படகு அசையாம நிக்குதுங்க."

என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் உங்கள் தம்பி ரேஷன் கார்டு விண்ணப்பத்தோடு வந்தார். "ஏழு வருசமாச்சு அண்ணி, அண்ணன் பேரை எடுத்துருவோம். கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். கோபிக்காதீர்கள்.

பெயர் நீக்கிய புது கார்டு இன்று காலை வந்தது. அதிலும் உங்கள் பெயர் இருக்கிறது.

தம்பியிடம் இன்னும் காட்டவில்லை.

இப்போதும்,
உங்கள் மனைவி