இருபத்துநாலு வோல்ட்

இன்று காலை, பழுதாகித் திரும்பி வந்த ஒரு கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றினேன். கருகிய சிப்பின் வாடை முகத்தில் அடித்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் இது இரண்டாவது குளிர்காலம். நீ படிக்கப்போவதில்லை, இருந்தும் எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது.

ஊரை விட்டு வடக்கே வந்து, முனிர்காவில் ஒரே அறை, ஒரே கம்பெனியில் வேலை நமக்கு. அந்த மே மாதம் ஒரு மருத்துவமனையின் மொட்டைமாடியில், ஏசி யந்திரங்களைக் கட்டுப்படுத்தும் முப்பது கன்ட்ரோலர்களை இரண்டே ஒயரில் வரிசையாகக் கோத்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும், அந்த ஒயரில் பேசவும் கேட்கவும் ஒரு டிரான்சீவர் சிப். மின்சாரம் கொடுத்தோம். கம்ப்யூட்டர் திரையில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆபரேஷன் தியேட்டர் திறக்கும் நாள் தள்ளிப்போனது.

இரண்டு நாள் வெயிலில் பெட்டி பெட்டியாகக் கழற்றிப் பார்த்தோம். பத்தொன்பதாவதை நீ கழற்றியதும் மற்றவை உயிர்பெற்றன. அது நான் ஒயர் கொடுத்த பெட்டி. பவருக்கான இருபத்துநாலு வோல்ட்டை டேட்டா முனையில் முறுக்கியிருந்தேன். வெந்துபோன ஒரு சிப், லைன் முழுவதையும் அமுக்கிப் பிடித்திருந்தது.

"கிஸ்னே கியா யே?" யார் செய்தது என்று மானேஜர் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். நான்தான் என்று நீ முந்திக்கொண்டாய். "மேன்னே, சார்." நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் ஏன் என்று கேட்டேன்.

"ஏட்டி, உனக்கு இன்னும் வேல நிரந்தரம் ஆவல. தூக்கிருவான். எனக்கு ரெண்டு ஏச்சு, அவ்வளவுதான்."

அவ்வளவோடு போகவில்லை. உனக்கு வரவிருந்த டீம் லீடர் பதவி வேறொருவருக்குப் போனது. அவர் விலகியபோது எனக்கு வந்தது. நீ சிரித்துக்கொண்டே பார்ட்டி கேட்டாய். மானேஜரிடம் உண்மையை நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன். பிறகு உன் காய்ச்சல். ஒன்பதே நாள்.

இன்று பிற்பகல் மானேஜரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அந்தத் தப்பு உன்னுடையதல்ல, என்னுடையது என்று.

"அச்சா... கௌன்சா ஹாஸ்பிடல்?" எந்த மருத்துவமனை என்பதே அவருக்கு நினைவில்லை. உன் பெயரைச் சொன்னேன். சற்று யோசித்து, "ஹாங், வோ மதராஸி லட்கி" என்றார். இன்னொரு மதராஸிப் பெண்ணாக நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. நீ எனக்காகச் செய்ததை மறக்காமல் வைத்திருக்க இனி என்னை விட்டால் ஆளில்லை. வைத்துக்கொள்கிறேன், ஏட்டி.