தவிட்டுக்கு விற்ற பிள்ளை

அக்கா,

உங்கள் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கோழி வளர்க்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் இன்று காலையில் ஒரு சட்டியில் தவிட்டைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக் குழைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தது. கையில் இருந்த ஈர உடுப்பைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றுவிட்டேன். அவள் நல்ல பெண்தான், என்னைக் கண்டால் சிரிப்பாள். ஆனாலும் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உங்கள் குசினி வாசலில் வேறொருத்தி குந்தியிருந்து தவிடு குழைப்பதைப் பார்க்க எனக்கு ஏலாது, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒரு கதை சொல்லவேண்டும். நடுவிலிருந்து சொன்னால் ஏசுவீர்கள். "உனக்கு ஒண்டையும் துவக்கத்திலயிருந்து சொல்லத் தெரியாது, பிள்ளை" என்பீர்கள். அதனால் துவக்கத்திலிருந்தே வருகிறேன்.

குச்சவெளியிலிருந்து கலியாணம் முடித்து, துறைமுக மதிலுக்குப் பின்னாலிருக்கும் இந்த வீட்டு வரிசைக்கு நான் வந்தபோது எனக்கு ஒருவரையும் தெரியாது. என் அவர் கப்பல் இழுக்கும் படகில் வேலை. போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. முதல் பிள்ளை அழாமலே பிறந்தது. இரண்டாவது பெண். அழகான குரல் அவளுக்கு. தொப்புள்கொடி விழுந்த அன்று காய்ச்சல் கண்டது, பொழுதுபட முன்னம் போய்விட்டாள். மூன்றாவது வயிற்றில் தங்கியபோது நான் ஒரு துணிகூடத் தைத்துவைக்கவில்லை. வயிற்றைத் தடவிப் பார்க்கவும் பயம். பிள்ளைத்தாய்ச்சி என்று வரிசைப் பெண்கள் ஏதாவது கொண்டுவந்து தருவார்கள். அந்த முறை ஒருத்தியும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. என் வீட்டுப் படியை மிதிக்கவே அவர்களுக்குப் பயம்.

அவன் பிறந்தது ஒரு மத்தியானம். குச்சவெளியிலிருந்து வந்திருந்த மாமியும் மருத்துவிச்சியும்தான் கூட. நோவு என்றால் அப்படி ஒரு நோவு. நடுவில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அதில் நான் கத்தியது மருத்துவிச்சிக்கே கேட்கவில்லை. பிறகு அவன் அழுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அக்கா. இவனையும் சாவு கொண்டுபோகத்தான் போகிறது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மாமி ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருந்தா. முன்பிறந்தவை தங்காத வீட்டில் பிறக்கும் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்குகிறவள் சுளகில் தவிடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள். பிள்ளை கிடப்பது தாயிடம்தான், ஆனால் சொந்தம் வாங்கியவளுக்கு. தேடி வருகிற சாவுக்கு அந்த வீட்டில் பெற்றவளின் பிள்ளை என்று ஒன்று இருக்காது. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்தபின் தாய் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் வாய் தவறியும் "என்ர பிள்ளை" என்று சொல்லக்கூடாது.

வாங்குகிறவள் பிள்ளைகுட்டிக்காரியாக இருக்கவேண்டும் என்பார்கள். மாமி வரிசையின் கடைசி வீட்டுக்குப் போனா. அங்கே வீடு நிறையப் பிள்ளைகள். அந்த மனுசி மாட்டேன் என்றுவிட்டா. எங்கள் வீட்டுப் பீடை தன் பிள்ளைகளைத் தொட்டுவிடும் என்று பயம். அடுத்த வீட்டிலும் அதே பதில். மாமி திரும்பி வந்து வாசலில் இருந்து அழுதா. அப்போதுதான் நீங்கள் வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தீர்கள், கையில் சுளகோடு. கலியாணம் முடித்து எத்தனையோ வருடமாகியும் வயிறு திறக்காதவர் என்று ஊரெல்லாம் பேசிய நீங்கள்.

"நான் வாங்கிறன்" என்றீர்கள். "எனக்கென்ன, பறிகொடுக்க ஒண்டும் இல்லை."

பிள்ளையில்லாத கை என்று மாமி முணுமுணுத்தது எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் அவவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, விக்கிறியா பிள்ளை என்று கேட்டீர்கள். மூன்று தரம் கேட்கவேண்டும், மூன்று தரமும் விக்கிறன் என்றேன். நீங்கள் அவனைத் தூக்கி, முன்வாசலால் வெளியே போய், வளவைச் சுற்றிப் பின்வாசலால் உள்ளே வந்து, "இந்தா, என்ர பிள்ளைக்குப் பசிக்குது, பால் குடு" என்று என் மடியில் வைத்தீர்கள்.

அந்தக் கிழமைகளைப்போல ஒரு தனிமையை நான் பிறகு கண்டதில்லை. மாமி ஊருக்குப் போய்விட்டா. பால் கட்டி நெஞ்சு கல்லாக நோகும், அவனுக்கு வாய் வைத்துக் குடிக்கத் தெரியாது, இருவரும் சேர்ந்து அழுவோம். அவனைக் கொஞ்சுவதற்கு எனக்கு வாய் வராது. கொஞ்சினால் என்னுடையவன் என்று தெரிந்துவிடுமே. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு பால் கொடுப்பேன். நீங்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கு அரைத்துக்கொண்டு வந்து, அது தொண்டையைக் காந்த நான் முகம் சுளிக்க, என்ர பிள்ளைக்குப் பால் தாறவள் ஒழுங்காச் சாப்பிடவேணும் என்று அதட்டுவீர்கள். சிரிப்பு வரும். நீங்கள் போனபிறகு வீடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

என் அவர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய்க் கறை பிடித்த சேட்டோடு வாசலில் நின்று, பிள்ளையைப் பார்த்துக் கண் கலங்கி, "எங்கடையோ?" என்று கேட்டார். இல்லை, பக்கத்து வீட்டு அக்காவின்ர என்றேன். மனுசனுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. திரும்பி உங்கள் வாசல் படலைக்குப் போய், பெற்ற பிள்ளையைத் தூக்க உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார். கை கழுவிப்போட்டுத் தூக்கச் சொல்லி நீங்கள் சவர்க்காரத்தை எடுத்து நீட்டினீர்கள்.

தொப்புள்கொடி விழுந்த அன்று அவனுக்கும் உடம்பு காய்ந்தது. பால் குடிக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு மூலையில் போய் இருந்துவிட்டேன், அவனைத் தொடவே இல்லை. நீங்கள்தான் அவனை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியை அடைத்தபடி இருந்தீர்கள். ஈரத்துணியால் துடைப்பதும், சங்கில் துளித்துளியாகப் பருக்குவதும், துடைப்பதுமாக வெயில் ஏறி இறங்கியது. ஒருதரம் தெருவைப் பார்த்து, அங்கே யாரோ நிற்பதுபோல உரத்துச் சொன்னீர்கள்:

"இஞ்ச அவளின்ர பிள்ளை ஒண்டும் இல்லை. இது நான் வாங்கின பிள்ளை. போங்கோ."

தெருவில் ஆளே இல்லை. பின்னேரம் அவனுக்கு வேர்த்தது. பிறகு வீரிட்டு அழுதான், பால் கேட்டு. அவனை என்னிடம் நீட்டியபோது அவன் காலைப் பிடித்த கையை நீங்கள் விடவில்லை. பறிகொடுக்க ஒன்றும் இல்லை என்று சொன்ன ஆள்.

துடக்குக் கழித்த அன்று நீங்கள் அவனைக் குளிப்பாட்டி, கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, புதுத் துணியில் சுற்றித் தயாராகக் கொண்டுவந்தீர்கள். உங்கள் முகம் மட்டும் அழுது வீங்கியிருந்தது. மாமி திரும்பவும் வந்திருந்தா. தவிட்டைச் சுளகில் போட்டு என் கையில் தந்தா. நான் வாயைத் திறந்தேன். என்ர பிள்ளையைத் தாங்கோ என்று கேட்கவேண்டும். கேட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவன் என்னுடையவன். என்னுடையவை எதுவும் தங்கியதில்லை, அக்கா.

"இன்னும் கொஞ்ச நாள் உங்கடயாவே இருக்கட்டும்" என்றேன்.

ஓம் என்று மட்டும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று உங்கள் வீட்டுக்குப் போனீர்கள். நீங்கள் உள்ளே இருந்து அழுதது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

பல்லு முளைத்தபின் வாங்கலாம் என்றேன். ஏடு தொடக்கியபின் என்றேன். அம்மை போட்டு அம்மாள் வருத்தம் ஊரில் நின்றபோது, இது அடங்கட்டும் என்றேன். நீங்களும் ஒருநாள்கூட ஞாபகப்படுத்தவில்லை, கள்ளி. அவன் என்னை அம்மா என்றும் உங்களை வாங்கினம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தான். என்னோடு சண்டை பிடித்தால், "நான் என்ர சொந்த வீட்ட போறன்" என்று வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்துவிடுவான். எனக்குச் சுருக்கென்று குத்தும். பொடியன் உயிரோடு ஓடித்திரிகிறான், அது போதும் என்று சோற்றை மூடிவைப்பேன்.

உங்களுக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தான். வெருகலிலிருந்து வந்த உங்கள் ஆட்கள், ஆர் இந்தப் பொடியன் என்று என்னைக் கேட்டார்கள். அக்காவின்ர மகன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனித்தான் நான் சொல்லவந்த கதை. போன கிழமை அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியாஸ்பத்திரியில். மருமகளின் தாய் உள்ளே நின்றா, அவன் மருந்து வாங்கக் கடைக்கு ஓடியிருந்தான். நான் வெளியே சுவரோரத்து மர வாங்கில் தனியே இருந்தேன். அவனைப் பெற்றபோது அழாமல் விட்ட அழுகையெல்லாம் அந்த வாங்கில்தான் எனக்கு வந்தது. என் அவரும் இல்லை, நீங்களும் இல்லை, பக்கத்தில் சாய ஒரு தோள் இல்லை. அப்போது கதவைத் திறந்துகொண்டு தாதி ஒருத்தி குழந்தையோடு வந்தாள்.

"பிள்ளையின்ர அப்பாவின்ர அம்மா ஆர்?" என்று கேட்டாள்.

நான் எழும்பவில்லை, அக்கா. வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்து, பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், நீங்கள் எழும்புவீர்கள் என்று. தாதி இன்னொரு தரம் கேட்டாள். வாங்கில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

எழும்பிப் போய் இரண்டு கையையும் நீட்டினேன். "நான்தான்" என்றேன். "அவன் என்ர பிள்ளை."