‘சிலர்’ என்று எழுதிய நாள்

இன்று காலை எங்கள் அடுக்குமாடி நிர்வாகம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. பால்கனியில் உடுப்புக் காயப்போடுவதைப் பற்றி ‘அ நம்பர் ஒஃப் ரெசிடென்ட்ஸ்’ முறையிட்டிருக்கிறார்களாம். எத்தனை பேர்? இரண்டும் இருக்கலாம், இருநூறும் இருக்கலாம். உண்மையைச் சொல்லத் துணிவில்லாத கோழைகள் ஒளிந்துகொள்ளும் சொற்றொடர் அது. உடனே உன் நினைவுதான் வந்தது. நீ இறந்து இந்த மாசியோடு மூன்று வருடம்.

யுத்த காலத்தில், கொழும்பில் நாம் இருவரும் வேலைபார்த்த அரச மொழிபெயர்ப்புக் கந்தோரில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல்நாள் விடியற்காலை பொலிஸார் வெள்ளவத்தையைச் சுற்றிவளைத்து ஆட்களைப் பஸ்களில் ஏற்றிப் போயிருந்தார்கள். ‘அ நம்பர் ஒஃப் பேர்சன்ஸ்’ விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டதாக அறிவித்தல் வந்தது. தமிழாக்குவது உன் வேலை.

“சிலர் எண்டு போடும்,” என்றார் நம் மேலதிகாரி. மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் கதிரையை விட்டு எழுந்து நின்று பேசுகிற மனிதர்.

“சிலர் எண்டா மூண்டு நாலு பேர், சேர். எத்தனை பேரெண்டு கேட்டுச் சொல்லுங்க.”

“இது இங்கிலீஷ் கிராமர், பிள்ளை. அரசியலாக்க வேண்டாம்.”

“நானும் கிராமர்தான் சொல்றன். அது பன்மை. பன்மையெண்டா உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம்.”

மதியம் நீ பொலிஸ் நிலையத்துக்குப் போனாய். வாசலில் காத்திருந்த குடும்பங்களிடம் கேட்டு எழுதிவந்தாய்: நாற்பத்தொரு பெயர்கள். மேலதிகாரி அந்தத் தாளைக் கையால் தொடவில்லை. பேனை நுனியால் தள்ளிவிட்டார்.

“அப்ப நான் எழுதமாட்டன்,” என்றாய். அடுத்த வாரம் உனக்கு வேலையில்லை. அவர் பிறகு மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார். தமிழுக்குத் தொண்டு செய்தாராம். தூ!

அன்று ‘சிலர்’ என்று எழுதியவள் நான். “வீட்டில அம்மாவை நீதானே பாக்கிறாய், விளங்குது,” என்று மட்டும் பஸ் தரிப்பிடத்தில் சொன்னாய்.

நாற்பத்தொரு பேரில் ஒருவரைத் தாங்கள் பிடிக்கவேயில்லை என்று பொலிஸ் சாதித்தது. அவர் மனைவி உன்னைத் தேடிவந்து பட்டியலை வாங்கி வழக்கறிஞரிடம் கொடுத்தாள். அதிலிருந்த மற்றக் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய ஆட்களோடு அவரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றியதற்குச் சாட்சி எடுத்தார்கள். அவர் உயிரோடு திரும்பினார்.

உனக்குச் சொல்லாத ஒன்று. அவர் என் எதிர்வீட்டுக்காரர். இடுப்பில் கட்டிய சறத்தோடும் வெறுங்காலோடும் அவரை ஏற்றியதை என் ஜன்னலில் நின்று கண்டேன். சாட்சி தேடி அலைந்த அவர் மனைவி முதலில் தட்டியது என் கதவைத்தான்.

“நான் அந்த நேரம் நித்திரை, அக்கா,” என்றேன்.

மேலதிகாரியை இகழ்வது எனக்குச் சுலபம். ஆனால் வழியில் கண்டால் அந்த எதிர்வீட்டுக்காரர் இன்றும் நின்று, “சுகமா பிள்ளை?” என்று கேட்கிறார். நான் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறேன்.