பக்கத்தில் நின்ற ஆள்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? அதையாவது எழுது.

உன் மாமாவால் குளியலறை வரைகூட ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. வழியில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்துகொண்டு, "கண்டக்டரம்மா, வண்டி எப்பக் கிளம்பும்?" என்று கட்டிய மனைவியையே கிண்டல் செய்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கல் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் இனி நஷ்டஈடு உண்டு என்று சங்கத்து வக்கீல் சொன்னார். ஆனால் நீயும் மாமாவும் வேலை செய்த பழைய பட்டறையில் தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத்தான் கல் அறுத்தார்கள் என்று எல்லாச் சோதனையிலும் பதிவாகியிருக்கிறதாம். ஆகாதா பின்னே? ஆய்வாளர் வண்டி தெருமுனையில் திரும்பியதும் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தவரே உன் மாமாதானே! வண்டி போனதும் மூடிவிடுவீர்கள். ஈரக் கல்லில் போட்ட கோடு தெரியாது, வேலை ஓடாது என்று. அதை இரண்டு பேரும் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

கூட நின்று அறுத்த ஒருவர் வந்து உண்மையைச் சொன்னால் போதுமாம். அந்தப் பட்டறையின் அறுப்புக் கொட்டகையில் நின்றது நீங்கள் இரண்டே பேர். வந்துவிடு.

உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

கீழ் வரிசையில் இரண்டு பல் முளைத்திருக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள்.

நான் இப்போது வேலை செய்யும் பட்டறையில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முன்பு தண்ணீர் விடாமல் கல் அறுத்தவன் என்று தெரிந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். நெஞ்சில் புள்ளி இருந்தால் கல் பக்கமே விடமாட்டார்கள். தண்ணீர் விட்டே பழகியவன் என்று சொல்லித்தான் நான் சேர்ந்தேன். எனக்கு வேறு தொழில் தெரியாது அக்கா. சாட்சி சொன்னால் என் வீட்டு அடுப்பில் நானே தண்ணீர் ஊற்றியதாகிவிடும். வேறு யாரையாவது கேட்டுப் பார்.

தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உனக்கு ஆடவில்லை.

நேற்று விசாரணை. அதிகாரி நல்ல மனிதர்தான். "உங்ககூட யார் நின்னு அறுத்தாங்க? பேரைச் சொல்லுங்க, நாங்களே கூப்பிடுறோம்" என்றார். உன் மாமா என்னைப் பார்த்தார். பிறகு, "யாரும் இல்லீங்க. நான் தனியாத்தான் அறுத்தேன்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் வயிறெரிந்து கத்தினேன். "கைக்குழந்தை வச்சிருக்கான்டி. விடு" என்றார்.

என்னால் விட முடியவில்லை. இனி எனக்கு எழுதாதே.

அக்கா

ஆகஸ்ட் 11

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், திட்டிக்கொள்.

படியேறினால் இரைக்கிறது. நானே போய் எக்ஸ்ரே எடுத்தேன். இரண்டு பக்கமும் இருக்கிறதாம். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனி எனக்கு எதற்குப் பயம்? மாமாவை மேல்முறையீடு செய்யச் சொல். நானும் நஷ்டஈடு கேட்டு மனுப் போடுகிறேன். மாமாவுக்காக நான் சொல்கிறேன், எனக்காக மாமா சொல்லட்டும். பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள்தானே. அவரிடம் சொல், நான் வருகிறேன் என்று.

உன் தம்பி

ஆகஸ்ட் 20

தம்பி,

மாமா ஜூன் மாதமே போய்விட்டார். கோபத்தில் உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கடைசி வரைக்கும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க தம்பிகூட நின்னவர் யாரும்மா?" என்றார். தனியாக அறுத்தேன் என்று மாமா சொன்னது பதிவில் இருக்கிறது. மாற்றிச் சொல்ல அவர் இல்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அது இருந்தால்கூடத் தேவலை என்றிருக்கிறது. உன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடு. மாமாவுக்கு வாங்கிய ஆக்ஸிஜன் சிலிண்டரை நாளைக்குத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தேன். இனிக் கொடுக்கப்போவதில்லை.

உன் அக்கா