நாலாவது தோள்

பவானிபூரில் மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைப் பிளந்து போட்டிருந்த வருஷம் சார் அது. பஸ்ஸெல்லாம் சந்து சந்தாகச் சுற்றிப் போகும். பள்ளத்தின் மேல் பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். அந்த வருஷம்தான் நீங்கள் புது என்ஜினீயராக எங்கள் கம்பெனிக்கு வந்தீர்கள்.

இன்று காலை எதிர்வீட்டில் லிஃப்ட் மாட்ட இரும்பு ஏற்றினார்கள். செயின் கப்பியின் கிரீஸ் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. உடனே உங்கள் ஞாபகம். அழுகை வருமென்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எனக்கு எழுத்து தெரியாதென்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

நான் கலாசி. கயிறும் கப்பியும் வைத்துப் பெரிய மெஷினைத் தூக்கி நிறுத்துகிற கும்பலில் ஒருத்தன். எங்கள் வேலையில் இரண்டே சொல். தூக்க வேண்டுமென்றால் ஹாபிஸ். இறக்க வேண்டுமென்றால் ஆரியா. அதையும் ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் ஒருத்தரும் தூக்கக் கூடாது. வந்த புதிதில் நீங்கள் எங்களோடு வெயிலில் நின்று அதைப் பழகிக்கொண்டீர்கள்.

அந்த மழைக்காலத்தில், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தபால் குமாஸ்தாவின் தகப்பனார் இறந்துபோனார். சொந்தக்காரர் யாரும் இந்த ஊரில் இல்லை. அக்கம்பக்கத்து வங்காளிகள் வந்து நின்றார்கள், ஆனால் நம் ஊர் மாதிரிப் பாடை கட்ட அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் என்னையும், மெஸ் சமையல்காரன் கோவிந்தனையும், பேங்க் ராகவன் சாரையும் கூட்டிப் போனீர்கள். அந்த வீட்டில் ஒருத்தர் என்னைப் பார்த்துவிட்டு, இவர் என்ன ஆட்கள் என்று மெதுவாகக் கேட்டார். "இவன் தோள் வேண்டாம்னா என் தோளும் வேண்டாம்" என்றீர்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பள்ளத்துப் பலகை மேல் போகும்போது கோவிந்தன் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. நீங்கள் யோசிக்காமல் "ஆரியா" என்று கத்திவிட்டீர்கள். நான் இறக்க, அதைப் பார்த்து மற்றவர்களும் இறக்கினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு "ஹாபிஸ்" என்றீர்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன குமாஸ்தா திரும்பி, "என்ன சார், இரும்பா தூக்கறீங்க?" என்றார். "இரும்புக்கு இவ்வளவு பயப்பட மாட்டேன்பா" என்றீர்கள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தத் தமிழ் வீட்டில் சாவு என்றாலும் நாம் நாலு பேர், உங்கள் ஹாபிஸ். நீங்கள் மேனேஜரான பிறகும் அப்படித்தான். கம்பெனியில் உங்களுக்குச் சமமாக இருந்த தபன் பாபு உங்களை ‘சுடுகாட்டு சாகிப்’ என்பார். "இன்றைக்கு யாருக்கு டிக்கெட், சாகிப்?" என்று கேட்டுச் சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள்.

சீஃப் என்ஜினீயர் பதவிக்கு உங்களையும் தபன் பாபுவையும் நேர்முகம் பார்க்க பம்பாயிலிருந்து டைரக்டர்கள் வந்தார்கள். நாற்காலி உங்களுக்குத்தான் என்று ஆலை முழுக்கப் பேச்சு. அன்று விடியற்காலை கோவிந்தன் செத்துப்போனான். வாசலில் உங்களைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். கழுத்து டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னோடு வந்துவிட்டீர்கள்.

மறுநாள் வாழ்த்துச் சொல்லத் தபன் பாபுவின் அறைக்குப் போனீர்கள். நான் கதவருகே நின்றிருந்தேன். அவருக்குச் சந்தோஷமில்லை. வேறு ஆளை அனுப்பியிருக்கலாமே என்று கோபமாகக் கேட்டார். நீங்கள் வங்காள மொழியில் சொன்னீர்கள்: "அந்த நாற்காலிக்கு ரெண்டு பேர் இருந்தோம் தபன். கோவிந்தனுக்கு மூணு பேர்தான் இருந்தோம்."

அடுத்த சாவுக்கு நாம் போனபோது, தெருமுனையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தபன் பாபு நின்றிருந்தார். தமிழ் தெரியாது. இரண்டு சொல் தெரியும், அது போதுமாக இருந்தது. அன்று முதல் எனக்கு அவர் தபன் தா, தபன் அண்ணன். சில வருஷம் கழித்து அவர் பம்பாய்க்கு மாற்றலாகிப் போகும்போது, உங்களைத் தவிர வேறு யாரிடமும் பொறுப்பைக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று அந்த நாற்காலியை உங்களுக்கு வாங்கித் தந்தார். ஓய்வு பெற்றதும் இங்கேயே திரும்பி வந்து மறுபடியும் தோள் கொடுத்தார்.

நீங்கள் போனபோது உங்கள் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து, சுடுகாட்டுக்குக் கொண்டுபோகக் கண்ணாடி வண்டிக்குச் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, இப்போது எல்லா வீட்டிலும் அதுதான். நான் கைத்தடியோடு ஓரமாக நின்றேன். ஒன்றுமே தோன்றவில்லை. வண்டிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரை இடுப்புயரத்தில் தூக்கிப் போனார்கள். தபன் தா முழங்காலை மடக்கிக் குனிந்து அதன் கீழே தோளைக் கொண்டுபோய் வைத்தார். தாத்தா, நகருங்கள் என்றார்கள் அவர்கள். அவர் நகரவில்லை. வண்டிவரைக்கும் அப்படியே வந்தார்.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அப்போ உங்களுக்குத் தோள் கொடுக்க யார், மாமா?" என்கிறாள்.

கோவிந்தன் போனான். ராகவன் சார் போனார். நீங்கள் போனீர்கள். தபன் தா இருக்கிறார்.